விண்வெளி வேலையை ராஜினாமா செய்த வெல்டர்

விண்வெளி நிலையத்து வேலையை ராஜினாமா செய்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பூமியை விட்டு ஒரு முழம்கூட எழும்பாமல், தினமும் ஸ்ரீரங்கத்துக்கும் துவாக்குடிக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தபடியே அந்த வேலையை ராஜினாமா செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கண்ணாடி அண்ணன். ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். அதனால் சத்தியம் செய்யவும் தயார்.

எழுபதுகளின் கடைசியில் துவாக்குடியில் ஒரு பட்டறையில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். பாய்லர்களுக்கான குழாய்களை வளைத்து ஒட்டிக் கொடுக்கும் பட்டறை அது. முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். நெருப்புப் பொறி பறக்கிற இடத்தில், நாற்பது வயதுக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங் பண்ணப் போகும்போது தலை வாரிக்கொள்கிற மனிதர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

விஷயம் வேறு. பாய்லர் குழாய்கள் நெருக்கமாக நிற்கும். முன்பக்கம் ஒட்டிவிடலாம், பின்பக்கம் கண்ணுக்கே தெரியாது. குழாய்க்குப் பின்னால் கண்ணாடியைக் கட்டி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். கையை உள்ளே தள்ளினால் கண்ணாடியில் வெளியே வரும். பழக்கமில்லாதவன் பத்து நிமிஷத்தில் பைத்தியமாகிவிடுவான். நம் கண்ணாடி அண்ணன் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுவார். அவர் ஒட்டிய இணைப்பை, உள்ளே குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தால் ஒரு புள்ளி இருக்காது.

அதனால் வந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

"தம்பி, இந்தியாவுல எந்த ஊர்ல ஸ்விட்சைப் போட்டு லைட் எரிஞ்சாலும், அதுக்குப் பின்னாடி நம்ம திருச்சிக்காரன் வெல்டு ஒண்ணு நிக்குது. ஞாபகம் வச்சுக்குங்க."

அன்றிலிருந்து நான் ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு விண்வெளிப் பித்து பிடித்ததற்குக் காரணம் பள்ளிக்கூட நோட்டு அட்டைகள். அப்போது ரஷ்யாவிலிருந்து வழவழ தாளில் பத்திரிகைகள் மலிவாக வரும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதைக் கிழித்துத்தான் புத்தகத்துக்கு அட்டை போடும். அண்ணனின் மகளுடைய பூகோளப் புத்தகத்தின் அட்டையில், விண்வெளி நிலையத்துக்குள் இரண்டு பேர் தலைகீழாக மிதந்துகொண்டு சாப்பிடும் படம் இருந்தது. கட்டுரையின் பாதிதான் அதில். மீதிப் பாதி எதிர் வீட்டுப் பையனின் கணக்கு நோட்டில் இருப்பதாகத் தெரிந்ததும், கதவைத் தட்டிப் போய் நின்றபடியே படித்துவிட்டு வந்தாராம்.

படித்ததோடு விட்டிருக்கலாம். குடியிருந்ததோ ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில். அங்கே உத்தரத்தில் கயிறு கட்டி, இடுப்பில் மாட்டிக்கொண்டு, அந்தரத்தில் வெல்டிங் பழக ஆரம்பித்தார். கையில் வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்குப் பதில் தோசைத் திருப்பி. வாடகை வாங்க வந்த வீட்டுக்கார மாமா மிரண்டு போனார்.

"ஓய், என்னங்காணும் இது? வௌவால் மாதிரி தொங்கிண்டிருக்கீர்?"

"வேலைக்குப் பழகுறேன் சாமி. அங்க மேல கீழ எல்லாம் கிடையாதாம்."

"நன்னாயிருக்கு! இந்த ஊர்ல பெருமாளே சௌக்கியமா சயனிச்சுண்டிருக்கார். நீர் ஏன் தொங்கணும்?"

அங்கே சாப்பாடு டியூபில்தான் என்று படித்ததால், பற்பசை டியூபைக் கழுவி, அதில் கூழை அடைத்து, பிதுக்கிப் பிதுக்கிச் சாப்பிட்டும் பார்த்தார். மூன்று நாள் எதைச் சாப்பிட்டாலும் பல் விளக்கிய வாசனை. அவர் மனைவி, "தாராளமா மேல போங்க. போறப்ப அந்த டியூபையும் எடுத்துட்டுப் போங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

புரட்டாசி மாதத்தில் அவருக்குக் கறி, மீன் கிடையாது. அந்தக் கஷ்டத்துக்கும் வழி கண்டுபிடித்தார். "அங்க ஒரு நாளைக்குப் பதினாறு தடவ விடியுதாம் தம்பி. புரட்டாசி ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்!"

அமெரிக்காக்காரர்களின் ஸ்கைலாப் நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிய நாளில் அவருக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அஞ்சு வருஷமா ஆளில்லாமப் பூட்டிப் போட்டா எந்த வீடுதான் நிக்கும்? ஒரு வெல்டரைக் குடி வச்சிருந்தா விழுந்திருக்குமா?" என்று கேண்டீனில் சாம்பார் வாளியைத் தட்டிக் கேட்டார். சாம்பார் ஊற்றுகிறவர், விழுந்ததற்குத் தாமே பொறுப்பு என்பது போல் தலை குனிந்துகொண்டார்.

இதே பட்டறையில்தான் ஆரோக்கியமேரி இருந்தார். பாலக்கரைக்காரர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். மேரிக்குப் பட்டறையைக் கூட்டுவதும், ஒட்டிய இடத்தில் படியும் கசடைச் சுத்தியால் தட்டி எடுப்பதும் வேலை. கசடு தட்டித் தட்டியே எது நல்ல வெல்டு, எது மோசம் என்று தெரிந்துகொண்டார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே போட்ட துண்டு ராடுகளைப் பொறுக்கி, ஓட்டைக் குழாயில் தானே ஒட்டிப் பழகினார். உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றும் வைத்திருந்தார்.

வெல்டர் ஆக வேண்டுமானால் டெஸ்ட் எழுத வேண்டும். எழுதுவது என்றால் ஒட்டிக் காட்டுவது. மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கண்ணாடி கையெழுத்துப் போட்டா அனுப்பறேன்."

அண்ணன் இரண்டு முறை மாட்டேன் என்றார். எண்பத்து நாலு ஏப்ரலில் நம் நாட்டுக்காரர் ஒருவர் ரஷ்யர்களின் விண்வெளி நிலையத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கினாரே, அந்தச் சமயம். அண்ணன் பட்டறை முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். தம்முடைய சொந்த மச்சானே போயிருப்பது போல முகத்தில் களை. நல்ல மனநிலையில் இருக்கிறாரே என்று மேரி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"அண்ணே, இந்தத் தடவையாவது அனுப்புங்கண்ணே."

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த நெருப்பு? விண்வெளியிலகூடப் பொம்பளை வெல்டர் கிடையாது."

"அங்க ஒருத்தி பண்ணிட்டா?"

அண்ணன் ஜாங்கிரித் தட்டைக் கீழே வைத்தார். கேண்டீனே கவனித்தது. "பண்ணட்டும். அன்னைக்கே உனக்குக் கையெழுத்துப் போடுறேன். இத்தனை பேர் சாட்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேரி சிரிக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கை மிதித்துக்கொண்டு போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு செய்தி வந்தது. நம் நாட்டுக்காரர் தங்கிய அதே ரஷ்ய நிலையத்தில் எரிபொருள் குழாய் கசிகிறதாம், ஆட்கள் வெளியே போய்ப் போய்ச் சரிபார்க்கிறார்களாம். அண்ணன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு டைம் ஆபீஸுக்குள் பாய்ந்து வந்தார்.

"பைப்பு லீக்கு தம்பி! பைப்பு லீக்குன்னா யாரைக் கூப்பிடணும்? அடிங்க ஒரு லெட்டர், டெல்லியில இருக்கற ரஷ்யாக்காரங்க ஆபீஸுக்கு."

அவர் சொன்னார், நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன். தங்கள் குழாய் கசிவதை அறிந்து வருந்துகிறேன். நான் திருச்சி வெல்டர். சொந்தக் கண்ணாடியுடன் வருவேன். டெல்லி வரை ரயில் டிக்கெட் நான் எடுத்துக்கொள்கிறேன், அங்கிருந்து மேலே போவதைத் தாங்கள் பார்த்துக்கொள்ளவும். பதில் இல்லை. இரண்டாவது கடிதம், மூன்றாவது கடிதம். தினமும் காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் அவர் முகம் தெரியும். "வந்துச்சா தம்பி?" வரவில்லை என்பேன். "பெரிய எடம். நேரம் ஆகும்" என்று போய்விடுவார்.

ஆடி மாதம் பிறந்தது. ஒரு காலையில் பேப்பரைப் பிரித்தவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி, உலோகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார் ஒருவர். பெண்.

கால் மணி நேரத்தில் பட்டறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அண்ணன் என்ன ஆவார் என்று பார்க்க எல்லோரும் டைம் ஆபீஸ் வாசலில் கூடிவிட்டோம். மேரி மட்டும் வரவில்லை. தூரத்தில் கூட்டிக்கொண்டிருந்தார், கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப.

அண்ணன் வந்தார். "என்ன, யாருக்காவது கல்யாணமா?"

பேப்பரை நீட்டினேன்.

"கண்ணு சரியில்ல. நீங்க படிங்க."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"மெஷினை மாட்டி வச்சா பண்ணாங்க, கையில புடிச்சா?"

"கையிலதாண்ணே."

"குளோவ்ஸு?"

"குளோவ்ஸ் மட்டுமா? காத்து அடைச்ச உடை, தலையிலேர்ந்து கால் வரைக்கும். மூணு மணி நேரத்துக்கு மேல வெளியிலயே இருந்தாங்களாம்."

கேலி செய்யத் தயாராக வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா! அந்தக் குளோவ்ஸைப் போட்டுட்டு விரலை மடக்கறதே பெரும்பாடு. அதுல ஹோல்டரைப் புடிச்சு, தொங்கிக்கிட்டு... நம்ம ஆளு தம்பி. நம்ம ஆளு!"

"ரஷ்யாக்காரங்கண்ணே."

"வெல்டர்னா நம்ம ஆளுதான்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேரியிடம் போனார்.

"ஆரோக்கியமேரி, தொடப்பத்தைக் கீழ வை."

"இன்னும் பாதி கூட்டலைண்ணே."

"பாதியை நான் கூட்டிக்கிறேன். நீ போய் ஃபாரத்தை வாங்கிட்டு வா."

திருச்சியின் முதல் தர வெல்டர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அன்றைக்குப் பட்டறையின் பாதியைக் கூட்டினார். அழகாக ஒன்றும் கூட்டவில்லை. மூலையெல்லாம் அப்படியே கிடந்தது.

டெஸ்ட் நடந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சுவரை ஒட்டி ஒரு குழாய், பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு. மேரி சிலுவை போட்டுக்கொண்டு தன் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்தார். அண்ணன் அதைப் பிடுங்கித் தூர வைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, மேரியின் கையில் கொடுத்தார். அதுவரை அந்தக் கண்ணாடியை அவர் பெண்டாட்டி தொட்டதாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு வெளியே வந்து நின்றார். நிற்கவா செய்தார்? உள்ளே நெருப்பு வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் இவருடைய வலது கையும் காற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று டீ வாங்கினார். மூன்றும் ஆறிப்போயின. "கையை அவசரப்படுத்தாதம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் எக்ஸ்ரே பிலிம் வந்தது. மேனேஜர் கையிலிருந்து அண்ணன் வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். மேரி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சுத்தம்" என்றார் அண்ணன். "ஒரு புள்ளி இல்ல. சுத்தம்மா!"

"உங்களுதைவிட நல்லா இருக்காண்ணே?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"பேராசைப்படாதீங்க தம்பி."

மேரி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. "வச்சுக்கம்மா. அங்க போறப்ப வேணும்."

அன்று மத்தியானமே ஜன்னலில் முகம் தெரிந்தது. சட்டைப் பை காலியாகத் தொங்கியது. நான்காவது கடிதம் சொன்னார், அடித்தேன்.

"ஐயா, தங்கள் நிலையத்துக் குழாய் வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்தவன் நான். தங்களிடம் ஒரு பெண்மணி நன்றாக வேலை செய்கிறார் என்று அறிந்தேன். ஆகவே நான் ராஜினாமா செய்கிறேன். அவருக்குத் துணை தேவைப்பட்டால் எங்கள் பட்டறை ஆரோக்கியமேரியை அழைக்கவும். கண்ணாடி அவரிடம் உள்ளது. இரண்டு பிள்ளைகள் இருப்பதால் பள்ளி லீவில் அழைத்தால் சௌகரியம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, "போட்டுடுங்க தம்பி" என்று போனார்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் மூன்று கடிதங்களையும் நான் தபாலில் போடவே இல்லை. கம்பெனி டைப்ரைட்டரில் அடித்தது, வம்பு வந்துவிடும் என்ற பயம் பாதி. கிறுக்குத்தனத்துக்கு ஸ்டாம்ப் எதற்கு என்ற திமிர் பாதி. மூன்றும் என் மேஜை டிராயரில் கிடந்தன. அவர் தினமும் ஜன்னலில் வந்து கேட்டபோதெல்லாம் என் முழங்காலுக்கு மேலேதான் இருந்தன.

நான்காவதை டிராயரில் வைக்கக் கை வரவில்லை. மறுநாள் பர்மிஷன் போட்டு, ஸ்ரீரங்கம் தபாலாபீஸுக்கு நானே போய், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில், கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சியாக, டெல்லியில் யாரோ கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பட்டறை முழுக்க ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

"பாத்தீங்களா? ராஜினாமாவை ஏத்துக்கிட்டாங்க! எவ்வளவு மரியாதையா கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க."

மேரி பதினெட்டு வருஷம் வெல்டராக வேலை பார்த்தார். அண்ணன் கடைசிவரை கண்ணாடி இல்லாத கண்ணாடி அண்ணனாகவே இருந்தார். விண்ணப்பம் போய்ச் சேராத வேலையைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை.

கண்ணாடி அண்ணே, மன்னிச்சுக்குங்க. அந்த மூணு லெட்டரையும் நான் போட்டிருக்கணும். நீங்க போயிருந்தா அந்தப் பைப்பு ஒரு சொட்டு ஒழுகியிருக்காது.