இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே

இந்த வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகரமாட்டேன் என்று சபதம் செய்தேன். சோபாவில் படுத்தபடிதான் செய்தேன். முழங்காலில் கட்டு.

காரணம் என் மகள். நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தாள். அம்மாவுக்கு ஒரு நாள் முடியாமல் போனால் உங்களால் ஒரு டீகூடப் போட்டுக்கொள்ள முடியாதே, பேசாமல் இரண்டு பேரும் எங்களோடு வந்துவிடுங்கள் என்றாள். பாசம்தான். ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறார். நல்ல மனிதர். விடியும் முன்பே எழுந்து வெந்நீர் குடிப்பவர். தான் குடிப்பதோடு விடமாட்டார், எல்லோரையும் குடிக்க வைப்பார் என்பதுதான் சிக்கல். டிவி கண்ணுக்குக் கெடுதல் என்பார். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குக் கெடுதல் என்பார். போன தடவை தங்கியபோது நான் மூச்சு விடும் முறையையே திருத்திக் கொடுத்தார்.

மனைவிதான் சமரசம் செய்தாள். ஒரு தெரபிஸ்டைக் கூப்பிடுவோம், வீட்டையும் பார்க்கட்டும், இவரையும் பார்க்கட்டும், அவர் சொல்வதுதான் முடிவு என்றாள்.

வந்தது ஓர் இளம்பெண். வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே விழாமல் வாழ வழி சொல்வது அவள் வேலை. கையில் அளவு டேப். கட்டிலில் உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள். கட்டிலின் உயரத்தை அளந்தாள். ஓரம் சுருண்ட மிதியடியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். குளியலறையில் எங்கே வழுக்கியது என்று கேட்டாள். ஏதோ ஒரு மூலையைக் காட்டினேன். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். இங்கே வழுக்கவே வழியில்லையே என்றாள். என் மனைவி மேற்கூரையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் சமையலறை.

"சார், ஒரு டீ போடுங்க. நான் சும்மா பார்த்துக்கிட்டிருக்கேன்."

இங்கே உங்களிடம் மட்டும் ஒரு விஷயம். எனக்கு டீ போடத் தெரியும். பிரமாதமாகத் தெரியும். மனைவி மாலையில் நடக்கப் போனதும் எனக்கு நானே ஒன்று போட்டுக்கொள்வேன். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்றே தெரியாத அப்பாவியாக இருந்து வருகிறேன். தெரியும் என்று காட்டிக்கொண்டால் அன்றோடு போயிற்று.

"அவருக்கு எதுக்கும்மா வீண் சிரமம்? பாவம், பால் எதுல இருக்குன்னே தெரியாது," என்றாள் மனைவி. குரலில் தேன் வடிந்தது.

"அப்போ எங்க வீட்டுக்கே வந்துடுங்கப்பா. உங்க மாப்பிள்ளை ரூமெல்லாம் ஒழிச்சு வச்சுட்டார்," என்றாள் மகள்.

என் காதில் வெந்நீர் கொதித்தது.

பாத்திரத்தை எடுத்தேன். இஞ்சியைத் தட்டினேன், ஒரு துணுக்குகூட வெளியே தெறிக்கவில்லை. பால் பொங்கி வர, திரும்பிப் பார்க்காமலே தீயைக் குறைத்தேன். மகள் வாயைப் பிளந்து நின்றாள். அவள் கண்ணில் என்மேல் ஒரு மரியாதை. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முழங்கால் வலி மறந்தது. மூலையில் கிடந்த ஆட்டம் காணும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், ஏறினேன், மேல் தட்டில் பழைய குக்கருக்குப் பின்னால் கையை விட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தேன்.

"சார், அப்படியே நில்லுங்க. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க."

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆகவே எனக்குச் சர்க்கரை கிடையாது. நான் கண்டுபிடிக்கவே முடியாத இடம் என்று மனைவி ஒளித்து வைத்த டப்பா அது.

"விழுந்தது பாத்ரூம்ல இல்ல," என்றாள் மனைவி நிதானமாக. "ஸ்டூல்லேர்ந்து."

நான் டீயை வடிகட்டுவதில் முழுக் கவனம் செலுத்தினேன்.

தீர்ப்பு வந்தது. தாராளமாக இங்கேயே இருக்கலாம். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். ஸ்டூல் வீட்டைவிட்டுப் போக வேண்டும். அடிக்கடி எடுக்கும் சாமானெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். அதற்கு மேலே யாரும் ஏறவும் கூடாது, எட்டிப் பிடிக்கவும் கூடாது. சர்க்கரை டப்பா மகளின் கைப்பைக்குள் போனது. போகட்டும். வீடு நிலைத்தது. வெந்நீரிலிருந்து தப்பினேன். அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ ஊற்றினேன். தெரபிஸ்ட் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நான் டீ போட்டதைப் பார்த்து மனைவி மட்டும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு டீ போடத் தெரியும் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைத் தனியாகக் கேட்டேன். தினமும் அவள் நடந்துவிட்டு வரும்போது வடிகட்டி ஈரமாக இருக்குமாம். கழுவி வைத்தது என் பெருந்தன்மை. அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

தச்சர் வந்தார். புதுத் தட்டை யார் உயரத்துக்கு அடிப்பது என்று கேட்டார். மனைவி என் மார்பளவுதான் இருப்பாள். "அவர் அளவுக்கே அடிங்க," என்றாள். "அவர் நல்லா இருந்தா போதும்." எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. டீத்தூள், இஞ்சி, வடிகட்டி, பாத்திரம் எல்லாம் என் தோளுக்கு நேராக வரிசையாக ஏறி உட்கார்ந்தன.

மறுநாள் காலை எழுந்து வந்தேன். மனைவி ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். டீ எங்கே என்றேன்.

"தட்டு என் தலைக்கு மேல இருக்குங்க. எட்டிப் பிடிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கு," என்று பக்கத்தைப் புரட்டினாள். "எனக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலா."