எல் போர்டும் என் அப்பாவும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று என் அப்பா முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த இரண்டு வருடமும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதில் அப்பாமேல் ஒரு குற்றமும் இல்லை. அவரிடம் பொய் சொன்னவள் நான்தான். பொய் என்றால் நீளமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. "ம்" என்றேன், அவ்வளவுதான்.

கல்யாணமாகி, பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போன புதிது. (மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. புதுச்சேரியில் இந்த ஒரு தகுதி இருந்துவிட்டால் மற்ற தகுதிகளை யாரும் விசாரிப்பதில்லை.) அங்கே லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் எழுத்துப் பரீட்சை. அதை மனப்பாடம் செய்தே தாண்டிவிட்டேன். அப்புறம் ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் சிரிக்காமல் குறிப்பு எழுதுவார். முதல் தடவை ஒரு சைக்கிள்காரரைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் ஹாரனை அடித்தது. நம் ஊர் வழக்கப்படி நான்கு முறை. அந்த மனிதர் சைக்கிளை விட்டு இறங்கி, எங்கே என்ன ஆபத்து என்று வானத்தைக்கூட ஒரு முறை பார்த்தார். பெயில்.

அன்று சாயங்காலமே அப்பாவின் போன் வந்தது. "பாஸ்தானேம்மா?" என்றார். அப்பா மின்துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. ஆபீஸ் ஜீப்பில் பின்சீட்டில் உட்காரக்கூடக் கூச்சப்படுவார். அவர் குரலில் அவ்வளவு ஆசை. "ம்" என்றேன். அடுத்த தடவை பாஸ் பண்ணிவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு அப்பா நெடுஞ்சாலையே போட்டுவிட்டார். நிறுத்தியிருந்த காரில் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் எடுத்து அனுப்பிய போட்டோ அவருடைய வாட்ஸப் முகப்பில் ஏறியது. ஆறே மாதத்தில் நான் பாரீசிலிருந்து மார்செய்க்கு நூற்று முப்பதில் பறந்துகொண்டிருந்தேன். (நிஜத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.)

இரண்டாவது, மூன்றாவது பெயிலுக்குக் காரணம் ஒரே விதி. அங்கே பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. அவர் குட்டிச் சந்திலிருந்து வந்தாலும், பெரிய ரோட்டில் போகும் நாம் நின்று வழிவிட வேண்டும். எவன் பெரிய வண்டியில் வருகிறானோ அவனுக்கே ரோடு என்று பார்த்து வளர்ந்த எனக்கு இது ஏறவே இல்லை.

இந்த நேரத்தில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று வாரம் லீவில் ஊருக்கு வந்தேன். திரும்பிப் போன அடுத்த வாரம் நான்காவது பரீட்சை. அதற்குள் கை மறந்துவிடுமே என்ற பயத்தில் ஒரு காரியம் செய்தேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறேன் என்று தினமும் காலையில் வீட்டில் சொல்லிவிட்டு, ரகசியமாக ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே வண்டி வலப்பக்கம் போகும், இங்கே இடப்பக்கம் போகும், இங்கே பழகி அங்கே என்ன கிழிக்கப்போகிறாய் என்று புத்தியுள்ள யாரும் கேட்டிருப்பார்கள். நான்தான் யாரிடமும் சொல்லவில்லையே.

மாஸ்டர் பெயர் ஏழுமலை. அரியாங்குப்பத்துக்காரர், பொறுமைசாலி. அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொல்லவில்லை. மூன்று தடவை பெயில் என்பதையும், எந்தச் சந்திப்பிலும் வலப்பக்கத்து ஆளுக்கு வழிவிட்டுத்தான் போவேன் என்பதையும் சொன்னேன்.

மாஸ்டர் யோசித்தார். "அப்ப நாம எப்ப மேடம் போறது?"

"அவங்க எல்லாரும் போனப்புறம்."

"இங்க எல்லாரும் போயி முடிக்கறதுன்னு ஒண்ணு கெடையாதே மேடம்" என்றார். இருந்தாலும் சம்மதித்தார்.

தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே! கூரையில் எல் போர்டு வைத்த காருக்குள் நான் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, கண் மட்டும் தெரியும்படி விட்டு, அந்தக் கண்ணுக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். "கார்ல வெயில் அடிக்காது மேடம்" என்றார் மாஸ்டர். தூசி ஒத்துக்கொள்ளாது என்றேன். திரும்புமுன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பிரெஞ்சு விதி. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முகமூடியோடு திரும்பிப் பார்க்க, ஒரு பூக்கார அம்மா, "இன்னாம்மா, என்னையா பாக்குற? முல்லையா, மல்லியா?" என்று கூடையோடு காரை நெருங்கிவிட்டார்.

ஒன்பதாம் நாள் மாஸ்டருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. "இன்னிக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் போலாம் மேடம். அங்க ஓட்டிட்டா உலகத்துல எங்க வேணா ஓட்டலாம்."

மார்க்கெட்டை ஒட்டிய சந்திப்பில் நான் விதிப்படி நின்றேன். வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. வழிவிட்டேன். அதன் பின்னால் தக்காளி ஏற்றிய மினி வேன். அப்புறம் இரண்டு ஸ்கூட்டி, ஒரு தள்ளுவண்டி, மீன் கூடையோடு ஒரு மொபெட், மறுபடி ஆட்டோ. ஒருத்தி நின்று வழிவிடுகிறாள் என்ற சேதி எப்படியோ பரவிவிட்டது போலும், அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டன. என் பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. "மேடம், மூக்கை நுழைச்சு எடுத்துடுங்க" என்றார் மாஸ்டர். "பெயில் ஆக்கிடுவாங்க மாஸ்டர்" என்றேன். பெயிலாக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்பது எனக்கே தெரியவில்லை. இரண்டு தடவை வண்டி அணைந்து போயிற்று.

அப்போதுதான் கையில் மீன் பையோடு அப்பா ரோட்டைக் கடந்து வந்தார்.

நான் ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தேன், புகுந்துகொள்ள இடமில்லை. அப்பா நெரிசலைப் பார்த்தார், எல் போர்டைப் பார்த்தார், நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். துப்பட்டா நிறத்தை வைத்து மகளை அடையாளம் கண்டுபிடிக்கும் ரகம் இல்லை அவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"பயப்படாதம்மா" என்றார் மெதுவாக. "அவங்க ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். எம் பொண்ணும் இப்படித்தான் ஆரம்பத்துல பயந்திருப்பா. இன்னிக்குப் பாரீசுல ஓட்டுறா. ஒரே தடவைல பாஸ்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சார், மேடமும் பிரான்சுதான் சார்! அங்க மூணு தபா பெயிலு. அதான் லீவுல வந்து இங்க கத்துக்குறாங்க."

"மூணு தடவையா? அடப் பாவமே" என்றார் அப்பா. அவர் முகத்தில் நிஜமான கவலை. யார் பெற்ற பிள்ளையோ, அந்த ஊரில் தனியாக என்ன பாடு படுகிறதோ என்ற கவலை. "நீ ஒண்ணு பண்ணும்மா. எம் பொண்ணு இப்ப தம்பி கல்யாணத்துக்கு இங்கதான் வந்திருக்கா. அவகிட்ட பேசு, எல்லாம் சொல்லிக் குடுப்பா. இரு, போன் போட்டுத் தரேன்." மீன் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு செல்போனை எடுத்து அழுத்தினார்.

டாஷ்போர்டில் இருந்த என் போன் அலறியது.

நான் எடுக்கவில்லை. நான் ஓட்டுகிறேன், ஓட்டுகிறவர் போன் எடுக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் மாஸ்டர் எடுத்துப் பார்த்தார். "மேடம், அப்பான்னு வருது" என்றார். திரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சார், உங்க போட்டோ வருது சார்."

அப்பா அழைப்பைத் துண்டித்தார். நான் கண்ணாடியைக் கழற்றினேன். துப்பட்டாவை அவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்பா பின்கதவைத் திறந்து, மீன் பையோடு ஏறி உட்கார்ந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, "மாஸ்டர், நீங்க ஓட்டிடுங்க" என்றேன்.

"அவளே ஓட்டட்டும்" என்றார் அப்பா.

பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "லெப்ட்ல சைக்கிள் வருது பாரு." எங்கள் தெருவுக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். எல் போர்டு போட்ட காரிலிருந்து நான் இறங்குவதைத் தெரு பார்க்கக் கூடாதாம். முதலில் அவர் போனார், கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். வீட்டில் அம்மாவிடம், ஆட்டோ கிடைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவிடம் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரின் டிரைவர் வரத் தாமதமானது. பெண் வீட்டார் ஒருவர், "அதான் உங்க பொண்ணு இருக்கே சார், ரெண்டு நிமிசத்துல ஓட்டிடும்" என்றார். என் பட்டுப்புடவைக்குள் வியர்த்து ஊற்றியது. அப்பா சிரித்தபடி, "அதுக்கு ரைட் சைடுல ஓட்டித்தான் பழக்கம். இங்க ஓட்டினா ஊரு தாங்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறுபத்திரண்டு வயதில் அந்த மனிதரைப் பொய் பேச வைத்துவிட்டோமே என்று மண்டபத்தின் கை கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். (மை கலைந்ததற்குத் தம்பியைப் பிரியும் துக்கம் என்று சொந்தக்காரர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள். தம்பி எங்கேயும் போகவில்லை, மாடியில்தான் குடித்தனம்.)

திரும்பிப் போனேன். நான்காவது தடவை பாஸ். பெரிய மார்க்கெட்டில் நின்றவளுக்கு அங்கே வலப்பக்கத்திலிருந்து வந்த ஒற்றைக் கார் எம்மாத்திரம்? முடிவு வந்ததும் அப்பாவுக்குத்தான் முதல் போன்.

"அப்பா, பாஸாயிட்டேன்."

அப்பா தயங்கித் தயங்கி, "அந்தப் பேப்பரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியாம்மா?" என்றார். எனக்கு அது வேண்டியதுதான். அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ரொம்ப சந்தோசம்மா. ஆனா இதை நான் யார்கிட்ட போயி சொல்லுவேன்? எல்லார்கிட்டயும்தான் ரெண்டு வருசம் முன்னாடியே சொல்லிட்டேனே."

மீதியை அம்மா சொன்னார்; அன்று ராத்திரி அப்பா அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாராம். அன்று மத்தியானம் வெயிலோடு வெயிலாக அப்பா ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி, பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போயிருக்கிறார். ஏழுமலை மாஸ்டர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, மொத்தத்தையும் அவர் கையில் கொடுத்து, "எம் பொண்ணு பாஸ் பண்ணிட்டா மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவருக்கு உலகத்தில் இருந்தது அந்த ஓர் ஆள்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இது நிரந்தரமாகிவிட்டது. தம்பிக்கு பிரமோஷன் என்றாலும் சரி, தம்பி மனைவி எதிலாவது தேறினாலும் சரி, நல்ல சேதி என்று யார் போன் செய்தாலும் அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது தெருவுக்குச் சொல்ற சேதியா, அரியாங்குப்பத்துக்குச் சொல்ற சேதியா?"