பிள்ளை வரிசை

பெட்டியைத் திறந்து பார்த்த மிசாதோவுக்குப் பகீரென்றது. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகப் பத்துப் பூரண உருண்டைகள்.

"ஏங்க, நாம மன்னிப்புக் கேக்கப் போறோம்! கல்யாணப் பலகாரத்தையா வாங்கிட்டு வருவாங்க?"

"கடைக்காரம்மா என்ன விசேஷம்னு கேட்டாங்க. குழந்தைன்னேன். கட்டிக் குடுத்துட்டாங்க," என்று தகுமி தலையைச் சொறிந்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மிசாதோ ஆசிரியையாக இருக்கும் பாலர் பள்ளியில் வண்டி ஓட்டுகிறவன் அவன். ஆசிரியைகள் அறையில் மாட்டியிருக்கும் பட்டியலை அவன் எங்கே கண்டான்? எந்த ஆசிரியை எந்த வருஷம் பிள்ளை பெறலாம் என்று வரிசை போட்டிருந்தார்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேர் விடுப்பில் போனால் ஆள் பற்றாதாம். இந்த வருஷம் ஃபுமியே. அடுத்த வருஷம் அயானெ. அதற்கும் அடுத்த வருஷம்தான் மிசாதோ.

முப்பத்தாறு வயதில், இனிமேல் கஷ்டம்தான் என்று டாக்டர் கைவிரித்த பிறகு நின்ற பிள்ளை இது. அதற்கு வரிசை தெரியவில்லை.

தலைமையாசிரியை இகராஷி அம்மாள் முன்னால் இருவரும் இடுப்பொடியக் குனிந்தார்கள்.

"வரிசையை மீறிட்டேன். மன்னிச்சுக்கணும்."

அம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருக்கு! தப்பையும் பண்ணிட்டு அதைக் கொண்டாட வேற வந்தீங்களாக்கும்?"

"ஐயோ, அது வந்தும்மா..."

"ஏழு வாரம்தானே? இன்னும் காலம் கடந்துடல. நல்லா யோசி."

என்ன யோசிக்கச் சொல்கிறாள் என்று மிசாதோவுக்கு விளங்கியது. அடிப்பாவி! கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது.

"அது மட்டும் முடியாதும்மா. எனக்குப் பிள்ளையும் வேணும், வேலையும் வேணும்."

"அப்போ ஃபுமியேகிட்ட முறையை மாத்திக்கிட்டு வா. அவ சம்மதிச்சா எனக்கென்ன?"

ஃபுமியே குழந்தைகளின் கைத்துண்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தொன்பது. நாலு வருஷம் காத்திருந்து இந்தச் சித்திரையில்தான் அவள் முறை வந்திருந்தது. மிசாதோ சொல்லச் சொல்ல, அவள் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

"சரி, எடுத்துக்கடி. உனக்கு நின்னுடுச்சு. எனக்கு நிக்குமோ என்னவோ, யார் கண்டா?"

"அக்கா! இந்த உதவியைச் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா."

பக்கத்தில் பால் கலக்கிக்கொண்டிருந்த அயானெ கரண்டியை வீசினாள். "ஒரு நிமிஷம்! அப்போ அக்காவுக்கு எந்த வருஷம்? என் வருஷத்தையா? நான் கல்யாணத் தேதியையே இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் குறிச்சேன்!"

"உன்னோடது வேண்டாம் அயானெ. அக்காவுக்கு என் வருஷத்தைக் குடுத்துடறேன்," என்று மிசாதோ அவசரமாகச் சமாதானம் சொன்னாள்.

ஃபுமியே விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாப்பத்தொண்ணுலயா? அப்போ எனக்குப் பிள்ளையே வேண்டாம்னு சொல்லிடேன்! குடு, என் முறையைத் திருப்பிக் குடு!"

"அக்கா, வாக்குக் குடுத்தீங்களே!"

"குடுத்த வாய்தான் திருப்பிக் கேக்குது!"

மூன்று பேரும் போட்ட கூச்சலில், மதியம் தூங்கிக்கொண்டிருந்த இருபத்திரண்டு குழந்தைகளும் எழுந்து வீரிட்டன. இகராஷி அம்மாளும் அவள் பின்னாலேயே தகுமியும் ஓடி வந்தார்கள்.

"பாத்தியா? வயித்துக்குள்ள இருக்கும்போதே இத்தனை பேரை அழ வைக்குதே உன் பிள்ளை!"

அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று அதில் அச்சடித்தே இருந்தது. பதினோரு வருஷ வேலை. மிசாதோ புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களாவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!"

தகுமி இன்னொரு தடவை குனிந்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிசாதோ பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வயிற்றெரிச்சலில் எழுத்துக் கோணிப் போயிற்று.

அம்மாள் தாளை மடித்துக்கொண்டிருந்தபோது, அலுவலகக் கணக்கர் குபோதா வேறொரு தாளோடு சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

"தகுமி தம்பி, அப்பாவாகப் போறீங்களாமே, வாழ்த்துக்கள்! இனிமே பொறுப்புள்ள குடும்பஸ்தன்னு பள்ளிக்கூடத்துலயே உங்களுக்குச் சம்பளத்தை உயர்த்தியிருக்காங்க, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க!"