முதலையிடம் மன்னிப்புக் கேட்ட மிக்ஸி மாமா

முதலையிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரை எனக்கு நேரில் தெரியும். மைசூர் அக்ரஹாரத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய பெயர் என்ன என்று கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஊருக்கு அவர் மிக்ஸி மாமா.

வாரமெல்லாம் அந்தக் கடையில் சத்தம் காதைக் கிழிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரங்கனதிட்டுக்குப் போய்விடுவார். காவிரிக்கு நடுவே திட்டுத் திட்டாகத் தீவுகள், தீவெல்லாம் பறவைகள். துடுப்புப் படகில் ஏறி உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். படகில் இருக்கிற அத்தனை பேரும், தெரிந்தவரோ தெரியாதவரோ, வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இந்த உஷ் மனிதர்களுக்கு மட்டும். பறவைகள் அங்கே போடுகிற கூச்சல் இருக்கிறதே, ஐயோ, ஊரிலுள்ள மிக்ஸியெல்லாம் ஒரே நேரத்தில் சட்னி அரைக்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டு மாமா கண்ணை மூடி உருகுவார். பின்சீட்டில் யாராவது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் மட்டும் அவருக்கு உயிரே போய்விடும்.

இத்தனை வருஷம் போகிறாரே, பறவைகளின் பெயர் தெரியுமா என்றால், ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் அவரே வைத்த பெயர்கள். தட்டையான நீள மூக்குக்காரர் ‘கரண்டி’. தாடையில் பை தொங்குகிறவர் ‘மார்க்கெட்’. பகலெல்லாம் கிளையில் தூங்கி வழிகிறவர் ‘நைட் ஷிஃப்ட்’. உள்ளூர்ப் பறவைகளிடம் கன்னடத்தில் பேசுவார். வடக்கிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் உடனே ஹிந்திக்கு மாறிவிடுவார். "பாவம்மா, பாஷை தெரியாத ஊர்ல அதுங்க எப்படி நாளைத் தள்ளும்?" என்பார். அந்த ஹிந்தி புரிந்திருந்தால் அவை வந்த வழியே திரும்பிப் போயிருக்கும்.

ஒருமுறை, மைசூர் விஜயநகரில் இருக்கிற எங்கள் தெருக்காரர்களையெல்லாம் ஆற்றோரமாக நடக்கக் கூட்டிப் போனார். கரும்புத் தோட்டம், நெல் வயல், கால்வாய்க் கரை என்று வெயிலில் நடந்துகொண்டே இருந்தோம். நடுவழியில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. மாமா கையைத் தூக்கினார். கொக்கு மீன் பிடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாதாம். கொக்குக்கு அன்றைக்கு அவசரமே இல்லை. போன் அடித்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியைக் கரும்புக்குள்ளே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார், அவரும் போனார். கடைசியில் கொக்கு ஒரே கொத்தில் மீனைத் தூக்க, எல்லோரும் கைதட்டப் போனோம். "உஷ்!" கைகளை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டு, அது வெள்ளையாக ஆற்றைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி நின்றோம். வங்கிக்காரர் கரும்புக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

இப்படிப்பட்டவருக்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போகும்? நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். மைசூரிலேயே ஹெப்பாளில் நான் வேலை பார்க்கிற தொழிற்சாலையின் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். இந்த வாயால்தான் இரண்டு வரன்கள் தட்டிப்போயின. "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்ட பெரியவரிடம், "உங்க பையனுக்குத் தெரியுமாங்க?" என்று தொடங்கி, சாம்பாருக்குப் புளி கரைப்பது வரைக்கும் வகுப்பெடுத்துவிட்டேன். அடுத்த வரன் காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனது.

எங்களுடையது அப்பா இல்லாத வீடு. அம்மா ஹனூர்ப் பக்கத்துக்காரர். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, வாய்தான் நீளம்னு ஊரெல்லாம் சொல்றாங்க. அடுத்ததும் போச்சுன்னா நான் என்ன சாமி பண்ணுவேன்?" என்று மிக்ஸி மாமாவின் கடை வாசலிலேயே அழுதுவிட்டார்.

மாமாவிடம் ஒரு வரன் இருந்தது. கிரைண்டர் ரிப்பேருக்கு வந்த கொள்ளேகால் அம்மா ஒருவர், மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். மகனுக்கும் ஹெப்பாளில்தான் வேலை.

"தங்கச்சி, இவ அரை மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது, அவ்வளவுதானே? எடத்த நான் சொல்றேன்" என்றார் மாமா.

"பொண்ணு பாக்கறத படகுலயா வெப்பாங்க?" என்று அம்மா அலறினார்.

வைத்தோம். பட்டுப்புடவை, ஆரம், நெற்றிச்சுட்டி எல்லாம் போட்டுக்கொண்டு போனால், படகுக்காரர் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். ஆரம் உள்ளே போய்விட்டது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. "இதுக்கா அடகுல இருந்து மீட்டுட்டு வந்தேன்?" என்று அம்மா முணுமுணுத்தார். பஜ்ஜியும் கேசரியும் டிபன் கேரியரில் மாமாவின் மடியில் இருந்தன. எதிர்ப்பலகையில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். எங்கள் அம்மா என் காதில், "வாயத் தொறந்தீன்னா இப்படியே காவேரியில குதிச்சிருவேன்" என்றார். பாறையில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தது. அதைப் பார்த்ததும், குதிப்பது கொஞ்சம் கஷ்டம்தான் என்று தோன்றியது.

படகு தீவைச் சுற்றித் திரும்பியது.

அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? மரங்களில் இலையைவிடப் பறவைகள் அதிகம். கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு குஞ்சுகள். தலைக்கு மேலே பெரிய பெரிய சிறகுகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன; அந்தக் காற்று முகத்தில் பட்டது. ஒரு நாரை கூட்டின்மேல் இரண்டு சிறகையும் விரித்து, குஞ்சுகள்மேல் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றது. இன்னொன்று ஆற்றிலிருந்து வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் தலையில் விட்டது. யாரும் பார்க்கிறார்களா என்ற கவலையே அவற்றுக்கு இல்லை. பேசக் கூடாது என்று நான் சும்மா இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக எனக்குப் பேச்சே வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உம் பேரென்ன கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. "என்ன படிச்சிருக்கே?" ம்ஹூம். அவர் முகம் மாறியது.

"ஏனுங் மிக்ஸிக்காரரே, பொண்ணுக்குப் பேச்சு வராதுங்களா? மறைக்காம மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்? படகத் திருப்பச் சொல்லுங்க!"

அம்மா இடிந்து போய்விட்டார். வாயால் போனது இரண்டு, வாய் இல்லாமல் போகப்போவது இது! படகுக்காரர் துடுப்பை மாற்றிப் பிடித்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். டிபன் கேரியரைக் கீழே வைத்தார். நடுப்படகில் எழுந்து நின்றார்.

"பேசு!" என்று கத்தினார். "யம்மா, பேசு! எதையாச்சும் பேசித் தொலை தாயே!"

மரத்திலிருந்த பறவைகள் குபீரென்று மேலே எழுந்தன. வானமே மறைந்துவிட்டது. பாறையிலிருந்த முதலை சளக்கென்று தண்ணீருக்குள் இறங்கியது. தான் செய்த காரியம் மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலை மூழ்கிய இடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பாயித்து சாமி, க்ஷமிஸி!" என்று கன்னடத்தில் கெஞ்சினார். முதலை உள்ளூர்தானே.

படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அதில்தான் எனக்குப் பேச்சு திரும்பியது.

"மாமா, மொதல்ல உக்காருங்க! மன்னிப்பு கேக்கறேன்னு எங்களையும் சேத்து அதுக்கு டிபன் ஆக்கிடாதீங்க! அத்தை, எனக்கு நல்லாவே பேச வரும், ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அந்த நாரை வெயில மறைச்சுட்டு நிக்குது பாருங்க, அதைப் பாத்துதான் வாயடைச்சுப் போச்சு. இன்னொண்ணு தண்ணி கொண்டாந்து ஊத்துச்சு, பாத்தீங்களா? நீங்க பாத்தீங்களாங்க?" கடைசிக் கேள்வி மாப்பிள்ளையிடம்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாமா உதட்டுக்கு விரலைக் கொண்டுபோய், பாதியில் இறக்கிவிட்டார்.

"பாத்தேங்க" என்றார் மாப்பிள்ளை. பிறகு தன் அம்மாவிடம், "படகத் திருப்ப வேண்டாம்மா. இவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றார்.

கரை சேரும் வரைக்கும் நான் சொல்லி முடிக்கவில்லை. பஜ்ஜி ஆறி அவலாகிவிட்டது. ஆனாலும் அந்த அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கிரைண்டரும் நல்லா ஓடுதுங், பொண்ணும் நல்லாப் பேசுது" என்று மாமாவுக்குச் சான்றிதழும் கொடுத்தார். கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கியபோது பழக்கதோஷத்தில் மாமா உஷ் என்றது தனிக்கதை. தவில்காரருக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் மாமாவோடு படகில் போகிறோம். ஊரையெல்லாம் உஷ் என்று அடக்குகிறவர், என்னிடம் மட்டும், "நீ பேசும்மா. அதுங்களுக்கு உன் குரல் பழகிடுச்சு" என்பார். அந்தத் தீவு திரும்புகிற இடம் வரைக்கும் பேசிக்கொண்டுதான் போவேன். மரங்கள் தெரிந்ததும் வாய் தானாக நின்றுவிடும். உடனே மாமா பறவைகளை விட்டுவிட்டு, கவலையோடு என் முகத்தையே பார்ப்பார்.

"பேச்சு இருக்கு மாமா. பயப்படாதீங்க" என்று மெதுவாகச் சொல்வேன். அப்புறம்தான் மனிதர் பறவைகள் பக்கம் திரும்புவார். என் பேச்சு நின்றால் இப்படிப் பதறுவதற்கு, அப்பா போன பிறகு எனக்கு இன்னொருவர் கிடைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.