குண்டுப்பாப்பாவில் ஒரு ராஜினாமா

ராஜினாமாக் கடிதத்தைப் படித்துவிட்டு முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிரமாதம் தம்பி! 'இனி என்னால் இங்கே இருக்க முடியாது'... அட்டைல அடிச்சா பிச்சுக்கிட்டுப் போகும்!"

எழுத்துக் கலைஞர் நிஜ ராஜினாமாவைத்தான் அடித்துக் கொடுத்திருந்தார். அந்த வாழ்த்து அட்டைக் கம்பெனியில் எட்டு வருஷமாக எழுத்து வரைபவர். அடுத்த திங்கட்கிழமை வேறு இடத்தில் சேர வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்குப் பலகை செய்யும் நிறுவனம் அது. பழைய இடத்திலிருந்து விடுவித்த கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

தப்பெல்லாம் எழுத்து மேல்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே தமிழ் எழுத்துரு குண்டுப்பாப்பா. அவரே உருவாக்கியது. அதில் 'க' தொப்பை தள்ளிக்கொண்டு நிற்கும், 'ஐ' குட்டிக்கரணம் போடும். எதை அடித்தாலும் பிறந்தநாள் களை வந்துவிடும்.

மறுநாள் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது. குண்டுப்பாப்பாவை எடுத்ததே அவர் கையெழுத்திலிருந்துதான்.

"அடடா, ரெண்டாவதும் ரெடியா! 'தயவுசெய்து என்னை விடுவிக்கவும்'. கல்யாணமானவங்க நூறு நூறா வாங்குவாங்க!"

புதன்கிழமை வாயாலேயே சொல்லிப் பார்த்தார்.

"அம்மா, இது விளையாட்டில்ல. நெஜமாவே போறேன்."

"'நெஜமாவே போறேன்'! மூணாவது. பக்கத்துல ஒரு பலூன் வரைஞ்சு குடுத்துடுங்க."

வரைந்தும் கொடுத்தார். எட்டு வருஷப் பழக்கம், கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டுச் சொல்லணுங்க."

"வெச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அந்த மூஞ்சியையும் வரையச் சொல்லிட்டாங்க. நாலாவது அட்டை."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாலு அட்டைகளும் அச்சாகி மேஜைக்கு வந்தன. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவருக்கு அழுகை முட்டியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, 'அவசர சிகிச்சை' என்று நேராக நிற்கிற எழுத்தில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டார். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

புது நிறுவனத்துக்குப் போன் போட்டார். "மன்னிச்சுக்குங்க, எனக்கு இங்கேருந்து விடுதலை கிடையாது. வேற ஆளப் பாத்துக்குங்க."

"சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள்.

அவர் போனைக் கீழே வைக்கவும், கணக்குப்பிள்ளை ஓர் உறையோடு வரவும் சரியாக இருந்தது.

"இந்தாங்க சார், உங்கள விடுவிச்ச லெட்டர். அம்மா மொத நாளே கையெழுத்துப் போட்டுட்டாங்க, உங்க எடத்துக்கு ஆளும் எடுத்தாச்சு. நாலு அட்டை தேறுற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு!"