எலிக்காய்ச்சலும் இராசநாயகத்தின் கல்வெட்டும்

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஒரு சாவு விழுந்த கிழமையில் நடந்த விஷயம். நீங்கள் சிரித்தால் செத்தவனின் பெண்சாதி காதில் விழுமோ என்று வேறு யோசனை. இருந்தாலும் சொல்கிறேன்.

மார்கழி வெள்ளம் வற்ற முன்னரே சண்டிலிப்பாய்ப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. எலியின் மூத்திரம் வயல் தண்ணீரில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியாக ஏறுமாம். மூன்றே நாள் காய்ச்சலில் கோபிசங்கர் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. சேற்றில் புதைந்த உழவு மெசினைத் தனியாளாக இழுத்தெடுத்தவன்.

அவனுக்கு அடுத்த வீடு உதயகலாவுடையது. செத்தவீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய மனுசன் இராசநாயகம் நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நிற்கிறவர். இரண்டு காலிலும் செருப்புக் கடித்த புண்.

ஞாயிற்றுக்கிழமை சுகாதாரப் பரிசோதகர் நிருஷன் சனசமூக நிலையத்தில் காய்ச்சல் வராமல் தடுக்கிற குளிசை கொடுத்தார். கிழமைக்கு ஒருதரம், சாப்பிட்ட பிறகு இரண்டு. எங்கள் ஒழுங்கை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆம்பிளைகள் எதிர் மதிலில் சாய்ந்துகொண்டு படம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

உதயகலா இரண்டு பேருக்கும் வாங்கி வந்தாள். தன்னுடையதைப் போடவில்லை. இவர் தன்னுடைய குளிசையைக் கட்டாயம் துலைப்பார், அப்போது கொடுக்க இருக்கட்டும் என்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, சாப்பிட்டாச்சுத்தானே. உந்தக் குளிசையை விழுங்குங்கோ."

"யானைக்குப் பயப்பிடலாம். பாம்புக்குப் பயப்பிடலாம். எலிக்குப் பயந்தவன் எண்டு சந்தியிலை என்னைச் சிரிக்க வைக்கப் போறியோ?"

"கோபி சிரிக்கேல்லை."

"அவனுக்கு வேறை ஏதோ வருத்தம் இருந்திருக்கும்."

ஆனாலும் வாயில் போட்டார். தண்ணீரும் குடித்தார். அடுத்தநாள் முற்றம் கூட்டும்போது குளிசை இரண்டும் வாழையடியில் கிடந்தன.

சத்தம் போட்டால் அவர் அதைவிடச் சத்தம் போடுவார். அழுதால் சந்திக்குப் போய்விடுவார். உதயகலா மகளின் பழைய கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"உங்கடை அப்பப்பாவின்ரை முழுப்பேர் என்ன?"

"ஏன்?"

"கல்வெட்டுக்கு."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கும் புத்தகம் அது. செத்தவரின் படம், பரம்பரை, வாழ்ந்த விதம், போன விதம், எல்லாம் பாட்டாக இருக்கும்.

"ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை. நான் படிப்புக் குறைஞ்சவள். கடைசி நேரத்திலை அந்தரப்படுவன். இப்பவே தொடங்கினால் பிழை வராது."

இராசநாயகம் முறைத்தார். ஆனால் பரம்பரை என்றால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. அப்பப்பா அந்தக்கால ஊர் அதிகாரி விதானையாரின் மச்சான் என்பதையும் சேர்க்கச் சொன்னார்.

"சேர்த்தாச்சு. போன விதம் இப்பிடி எழுதியிருக்கிறன், கேளுங்கோ. 'வயலிலே சிங்கமென வாழ்ந்த எங்கள் ராசா, எலிபெய்த நீராலே இறைவனடி சேர்ந்தாரே.'"

"வெட்டடி அதை! மாரடைப்பு எண்டு போடு."

"டொக்டர் சாவுத் துண்டிலை எலியெண்டெல்லோ எழுதுவார். பொய்யை அச்சடிக்கேலுமே?"

"கனடாவுக்கும் அனுப்புவியோ?"

"உங்கடை தங்கச்சியாக்களுக்கு ஐம்பது. அட்டையிலை உங்கடை படம் மட்டுந்தான். எலியின்ரை படம் வேண்டாமெண்டு சொல்லுறன்."

அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கிக் கேட்டார்:

"கோபிக்கும் இப்பிடித்தான் போடப்போகினமோ?"

"அவன்ரை பெண்சாதிக்கு இன்னும் சோத்துக் கோப்பையே கையிலை நிக்குதில்லை. அவள் என்னத்தைப் போடுவாள்?"

இராசநாயகம் கொப்பியை மூடினார். கையை நீட்டினார். உதயகலா தலைப்பை அவிழ்த்துத் தன்னுடைய இரண்டையும் கொடுத்தாள். விழுங்கிய பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு சனசமூக நிலையத்தில் அவர் மதிலில் சாய்ந்தபடி ஆம்பிளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எங்கடை மனுசி குளிசைக்குப் பயந்தவள். நான்தான் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினனான்."

நிருஷன் நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடியோ அக்கா?"

ஆம்பிளைகளும் பார்த்தார்கள்.

"ஓம் தம்பி," என்றாள் உதயகலா. "இவர்தான். இனிக் கிழமைக்குக் கிழமை இஞ்சை வந்து, எல்லாருக்கும் முன்னாலை தான் முதல் விழுங்கிக் காட்டுறதெண்டும் சொல்லியிருக்கிறார்."

இராசநாயகம் மறுக்க வாயைத் திறந்தார். நிருஷன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான், உதயகலா தன் பங்கு இரண்டையும் முதல்தரமாக விழுங்கினாள்.