ஹெச்.எம். கைப்பையும் என் வயிறும்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றால் என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "மக கொடைக்கானல்ல பிள்ளைகளுக்கு எக்சசைஸ் சொல்லிக் குடுக்குறா" என்று அப்பா வத்தலக்குண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்து மூன்று வயதில், சான்றிதழைக் கையில் வைத்திருந்த எனக்கே அது சரியாகத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அதனால்தான் அந்த வியாழக்கிழமை அப்படி ஆனது.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். ஏரிக்கு மேலே ஒரு சரிவில், ஓடு வேய்ந்த கட்டடத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான எங்கள் மையம் இருந்தது. டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை மட்டும் மதுரையிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நான்தான் தெரபிஸ்ட், நான்தான் ஆபீஸ், கூட்டிப் பெருக்குவதும் நான்தான்.

ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றினால் எல்லோரும் ஜோடி ஜோடியாகப் போவார்கள்; நான் வேகமாக நடப்பேன், ஏதோ அவசர சோலி இருப்பதுபோல. எஸ்.டி.டி. பூத்தில் அப்பாவுடன் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "சாப்பிட்டியாத்தா? குளுரு எப்டி கெடக்கு?" "நல்லா இருக்கேன்ப்பா." பிறகு அறைக்கு வந்து போர்த்திக்கொண்டு படுப்பேன், தூக்கம் வராது. வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுப்போம். தங்கை கலா ஒரு காலைத் தூக்கி என் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அத்தனை வருடம் அந்தக் காலைத் திட்டிக்கொண்டே தூங்கியவள் நான். மலையில் திட்டுவதற்கு ஒரு கால் இல்லை. தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

மையத்துக்கு ரேவதி என்று ஒரு எட்டு வயதுப் பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா புஷ்பம் சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே கேரட் தோட்டங்களில் கூலி வேலை. ரேவதி அதிகம் பேசமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். கேரட் மூட்டை கண்டால் அதன் அடியில் புகுந்து படுத்துக்கொள்வாள். மற்றபடி யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இதையெல்லாம் 'சரி செய்ய' நான் கிளம்பினேன். நாற்காலியில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும், கையை ஆட்டக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு பார்வைக்கு ஒரு பொரிகடலை. (ரேவதி என் காதைப் பார்த்தே நிறையப் பொரிகடலை வாங்கிவிட்டாள். எனக்கு அது புரியவே ஒரு மாதம் ஆனது.)

உடம்பின் மேல் அழுத்தும் பாரம் சில பிள்ளைகளுக்கு நிம்மதி தரும் என்று படித்திருந்தேன். பழைய கம்பளியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, காய்ந்த பீன்ஸ் விதை நிரப்பி ஒரு போர்வை செய்தேன். கொடைக்கானல் ஈரத்தைப் பற்றி அந்தப் படிப்பில் ஒரு வரி இல்லை. பத்தாம் நாள் போர்வை முளைவிட்டு நாற ஆரம்பித்தது. அடுத்த போர்வைக்கு ஆற்று மணல் நிரப்பினேன். அதைக்கூட ரேவதிக்குச் சும்மா கொடுப்பதாக இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் பரிசாகப் போர்வை என்று திட்டம் போட்டிருந்தேன். தாகம் அடங்கிய பிறகுதான் தண்ணீர் தருவேன் என்பது மாதிரி. மகா புத்திசாலி நான்.

அந்த வியாழக்கிழமை பக்கத்துப் பள்ளியின் ஹெச்.எம். அம்மா பதினோரு மணிக்கு ரேவதியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் அவளுக்குப் பள்ளியில் இடம். இல்லையென்றால், தோட்டத்துக்குக் கூடவே அழைத்துப்போய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதைத் தவிர புஷ்பத்துக்கு வேறு வழியில்லை.

பத்தரை மணிக்கே ரேவதியும் புஷ்பமும் வந்துவிட்டார்கள். ரேவதி புதுப் போர்வையை நெருங்கவில்லை; பழையதன் நாற்றம் மறந்திருக்காது. "இங்க பாரு, இது நாறாது. அக்கா படுத்துக் காட்டுறேன், ரெண்டே நிமிஷம்" என்று பாயில் படுத்துப் போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டேன்.

வயிற்றில் கனமாக ஒன்று இறங்கியது. கலாவின் கால்தான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது மணி பன்னிரண்டு. என் மேல் மணல் போர்வை; அதன் மேல் இரண்டு மணல் பைகள், வருகைப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் மேலே கருப்பாக ஒரு கைப்பை. கடைவாயில் எச்சில். தலைமாட்டில் ரேவதி மெல்ல முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் வெறுந்தரையில் சம்மணமிட்டிருந்தார்.

"எந்திரிச்சுட்டீங்களா? என் பேக்க எடுத்துக்கலாமா? வீட்டுச் சாவி அதுலதான் இருக்கு" என்றார் ரகசியக் குரலில்.

"நா எழுப்ப வந்தேங்க டீச்சர்" என்றார் புஷ்பம், அழாத குறையாக. "இவ விடல. என் கையத் தட்டி விட்டுட்டா. கெடச்சதையெல்லாம் உங்க மேல அடுக்குனா, மேடம் பேக்கயும் வாங்கி வச்சுட்டா. மேடம் நாற்காலிய இழுத்தாங்க, சத்தம் கேக்குதுன்னு அதயும் புடுங்கிட்டா. தேத்தண்ணி குடுத்தேன், கீழ உக்காந்தே குடிச்சாங்க."

"பத்து நிமிஷம் ஒரு எடத்துல இருக்குமான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார் ஹெச்.எம். "முக்கா மணி நேரமா உங்கள விட்டு அசையல. நான்தான் கால் மரத்துப் போயி மூணு தடவ எந்திரிச்சேன்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் தூங்கி வழிந்த மானத்தை எப்படியாவது மீட்க வேண்டுமே! துள்ளி எழுந்தேன். "ரேவதி, மேடத்தப் பாரு! கண்ணப் பாரு!" என்று அவள் தாடையைப் பிடித்து ஹெச்.எம். பக்கம் திருப்பினேன்.

கடித்தாள். கட்டை விரலுக்குக் கீழே, ஒரே கடி. பிறகு போர்வைக்குள் புகுந்து சுருண்டுகொண்டாள். அந்தப் போர்வை நடுங்கியது. கை வலித்ததைவிட அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு? எதுக்கு மூஞ்சியப் புடிச்சீங்க?" என்றார் ஹெச்.எம். கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

புஷ்பம் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். ஹெச்.எம். கைப்பையைத் தோளில் மாட்டினார். "திங்கக்கெழமை கூட்டிட்டு வாங்கம்மா. கடைசி வரிசையில தரையில உக்காரட்டும். போர்வையும் கொண்டாரட்டும்." புஷ்பத்தின் முகம் மலர்ந்தது. நானும் சிரித்தேன். ஹெச்.எம். என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் கூட வர வேணாம்."

சாயங்காலம் பூத்தில் அப்பாவுக்குப் பதில் கலா போனை எடுத்தாள். முழுக் கதையையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பூத்துக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை முதல் ரேவதி வரவில்லை. அவள் பள்ளிக்குப் போகிறாள் என்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பத்தரை மணியானால் வாசலைப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள், பெரியவர்களும்கூட, என்னிடம் வந்துவிட்டார்கள். யார் தாடையையும் நான் தொட்டதில்லை. போர்வையைக் கேட்டவுடன் கொடுத்துவிடுவேன். என் காதைப் பார்த்துப் பேசுபவர்களோடு அவர்கள் காதைப் பார்த்தே பேசுவேன். இதற்கெல்லாம் இப்போது பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கட்டை விரலுக்குக் கீழே உள்ள தழும்பு போதும்.

வீட்டில் மட்டும் கதை ஓயவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் அம்மா, "பேக்கப் பத்திரமா வச்சுக்கங்க, எங்க பெரியவளுக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருக்கு" என்பாள். கலா கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். நான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு இருவரும் வீட்டில் சேருவோம். படுத்ததும் கலா தன் கைப்பையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்து, "ஹெச்.எம். வந்தாச்சு, தூங்குக்கா" என்பாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, பையை எடுத்துவிட்டுக் காலைத் தூக்கிப் போடுவாள்.

வருடத்தில் அந்த இரண்டு மூன்று நாள் நான் நன்றாகத் தூங்குகிறேன்.